ஆசையை அடக்க வேண்டுமா?

மின்சார பேஸ் கிதார் பழக ஆசைப்பட்ட எங்களுக்கு வீட்டில் கிடைத்த முதல் விடை, “பக்கத்து வீட்டார் என்ன சொல்வார்கள்?” என்பதே. அதில் நியாயமும் உண்டு. அதன் தடித்த தந்தி வினாடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது; அத்தகைய தாழ்ந்த ஒலி சுவரையும் எளிதில் கடந்துவிடும். அதற்காக ஆசையையே கைவிடுவதா? ஹெட்போன் இருக்கிறதே! இரவுப்பணி முடித்து வந்தவர் உறங்கலாம், தம்பி படிக்கலாம், நாமும் பழகலாம். தவறித் தொட்ட தந்தியின் முனகல்கூட நம் காதுக்குத் தப்பாது. ஆயினும் ஒலியைக் கூட்டிக்கொண்டே போனால் செவிக்குக் கேடு. 80 டெசிபல் ஒலியானால் வாரத்திற்கு 40 மணி நேரமே எல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். மேலும், பிறர் பாட்டைத் தாங்குவதே பேஸின் பணி. ஆகவே தோழியரே, வீட்டில் அடக்கமாகப் பழகுவோம். பாடகர் குழுவில் அச்சமின்றி வாசிப்போம்!