பள்ளிக்கூடத்திற்கு ஒரு சென்ட் நிலம்

திருவண்ணாமலைச் சீமையில் மல்லாட்டை பயிரிடாத கிராமம் அரிது. அச்செடியின் பூ நிலத்திற்கு மேலே மலர்கிறது. காயோ மண்ணுக்குள்ளே பிடிக்கிறது. பூ வாடிய பின்னர் அதனடியிலிருந்து ஊசி போன்ற காம்பு ஒன்று கீழ்நோக்கி நீண்டு, மண்ணைத் துளைத்து உட்சென்று, இருளிலே காயாகின்றது. பயிர் வகைகளுள் மிகச் சிலவற்றிலேயே காணத்தக்க இவ்விந்தை, குடியானவர் வீட்டுக் குழந்தைக்குத் தன் தகப்பனாரின் கொல்லையிலேயே கிடைக்கக்கூடியது. ஆயினும் அக்குழந்தை காலையில் வேனில் ஏறி நகரத்துப் பள்ளிக்குச் சென்று, பொழுது சாயும் வேளையில் திரும்பி வருகின்றது. பாடப் புத்தகத்தில் வேர்க்கடலையின் படத்தைப் பார்த்துப் பெயர் எழுதுகின்றது. கொல்லையில் அதைத் தோண்டிப் பார்த்ததில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற பழமொழியை அறிந்த பெரியோர்களே தம் மக்களுக்கு ஏட்டுச் சுரைக்காயைப் பணங்கொடுத்து வாங்கித் தருகின்றனர்.

இந்நிலையைக் குறித்துச் சிந்திக்க விரும்புவோர் தொலைவில் உதாரணம் தேட வேண்டுவதில்லை. திருவண்ணாமலைக்கு அருகே கணத்தம்பூண்டி கிராமத்தில் மருதம் பண்ணைப் பள்ளி என்னும் சிறு பள்ளியொன்று 2009-ஆம் வருஷத்தில் தொடங்கப்பெற்று நடந்து வருகின்றது. அருணாசல மலையில் நாட்டு மரங்களை நட்டு வளர்க்கும் பணியை 2003 முதல் செய்துவரும் 'ஃபாரஸ்ட் வே' என்ற அறநிறுவனம் இதனை நடத்துகின்றது. கிராமத்துப் பிள்ளைகளும், ரமணாசிரமத்தைச் சூழ்ந்த பகுதியில் வந்து குடியேறியோரின் பிள்ளைகளும் அங்கே ஒன்றாகப் படிக்கின்றனர். தமிழும் ஆங்கிலமும் இரண்டும் கற்பிக்கப்படுகின்றன. பள்ளியைச் சேர்ந்த பண்ணையில் இயற்கை முறையில் பயிரிடுகின்றனர். எழுத்தும் கணக்கும் கற்கும் பிள்ளைகளே தோட்டத்தில் மண்ணைக் கிளறுகின்றனர், கைத்தொழில் பழகுகின்றனர், மலைக்கு நடந்து சென்று மரம் நடும் வேலையிலும் பங்கு கொள்கின்றனர்.

இப்பள்ளியின் வேர் மலையிலே இருப்பது கவனிக்கத்தக்கது. 2,668 அடி உயரமுள்ள அருணாசல மலை, சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரும்பாலும் மொட்டையாகவே காட்சியளித்தது. விறகு வெட்டுதலும், மேய்ச்சலும், கோடையில் காய்ந்த புல்லில் பற்றும் தீயும் மரங்களைத் தலையெடுக்க விடவில்லை. 1980-களில் தொடங்கிப் பலர் கூடி மரம் நட்டதனாலும், தீ பரவாதிருக்கும்படி ஆண்டுதோறும் புல்லை வெட்டித் தடுப்புப் பாதை அமைத்ததனாலும் இன்று சரிவுகளில் பசுமை மீண்டிருக்கின்றது. நட்ட கன்று மரமாவதற்கு எத்தனை கோடைகளைக் கடக்க வேண்டும் என்பதைக் கண்ணால் கண்டறியும் பிள்ளைக்குப் பொறுமையைப் பற்றித் தனிப் பாடம் தேவையில்லை.

பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்று கற்பிக்கும் முறை இத்தேசத்திற்குப் புதிதன்று. ரவீந்திரநாத தாகூர் 1901-இல் சாந்திநிகேதனத்தில் மிகச் சில மாணவர்களுடன் மரத்தடியில் பள்ளி தொடங்கினார். 1922-இல் அருகேயுள்ள சுருல் கிராமத்தில் ஸ்ரீநிகேதனம் ஏற்பட்டுக் கல்வியும் வேளாண்மையும் அங்கே இணைந்தன. 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய மகாநாட்டில் காந்தியடிகள், கைத்தொழிலை நடுவாக வைத்துத் தாய்மொழியில் 7 வருஷம் கற்பிக்கும் ஆதாரக் கல்வியை முன்வைத்தார். தமிழ்நாட்டில் திண்டுக்கல்லுக்கு அருகே காந்திகிராமம் 1947-இல் அந்நெறியிலே எழுந்தது.

எனினும், இவ்வரலாற்றில் ஒரு கசப்பும் உண்டு. அதனை மறைத்துவிட்டு இவ்விஷயத்தைப் பேசுதல் நேர்மையாகாது. 1953-இல் சென்னை மாகாணத்தில் இராஜாஜி மந்திரிசபை, கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் பாட நேரத்தைச் சுருக்கி, மிகுந்த நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. 'குலக்கல்வி' என்று பெயர் சூட்டி மக்கள் அதனை எதிர்த்தனர். மறு வருஷம் காமராஜர் முதல் மந்திரியானபோது அத்திட்டம் கைவிடப்பட்டது. எதிர்த்தவர்களின் அச்சம் ஆதாரமற்றதன்று. கூலிக்காரன் மகன் கூலிக்காரனாகவும், மிராசுதாரர் மகன் மிராசுதாரராகவுமே இருக்க வேண்டும் என்று விதிக்கும் கல்வி, கல்வியென்ற பெயருக்கே உரியதன்று.

ஆதலின், பள்ளியில் நிலவேலை வேண்டும் என்று கூறுவோர் முதலில் ஒரு நிபந்தனையை ஏற்றல் வேண்டும். பத்து ஏக்கர் வைத்திருப்பவரின் குழந்தையும், நாள் கூலிக்குச் செல்பவரின் குழந்தையும் ஒரே பாத்தியைக் கொத்த வேண்டும். ஒரே கூடையில் எருவைச் சுமக்க வேண்டும். ஒரே புத்தகத்தைப் படிக்க வேண்டும். 'என் மகனுக்கு இவ்வேலை எதற்கு, அவர்கள் பிள்ளைகள் செய்யட்டும்' என்ற பேச்சு எந்தக் கிராமத்தில் எழுகின்றதோ, அங்கே இம்முயற்சியைத் தொடங்காதிருப்பதே நலம். பாத்தியில் விளைவது பிள்ளைகளின் மதிய உணவிற்கே சேர வேண்டும். அறுவடைக்கு ஆள் குறைந்தது என்று பிள்ளைகளை எவருடைய வயலுக்கும் அழைத்தல் கூடாது. 14 வயதிற்குட்பட்டோரைக் கூலி வேலைக்கு வைப்பதை 2016-இல் திருத்தப்பெற்ற சட்டமும் தடுக்கின்றது.

இரண்டாவது ஆட்சேபம் யாதெனில், தோட்டத்தில் கழியும் நேரம் படிப்புக்கு நஷ்டம் என்பது. கணக்குப் பாடத்தையே எடுத்துக் கொள்ளலாம். ஒரு சென்ட் நிலம் ஏறக்குறைய 40 சதுர மீட்டர். மல்லாட்டையை வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டரும், செடிக்குச் செடி 10 சென்டிமீட்டரும் விட்டு ஊன்றினால் சதுர மீட்டருக்கு 33 செடிகள் வரும். சென்டுக்கு 1,300-க்கு மேல். கயிற்றையும் அளவுகோலையும் கையில் பிடித்து இதனைக் கண்டறிந்த பிள்ளைக்குப் பரப்பளவு மறக்குமா? நூறு விதைகளை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து, முளைத்தவற்றை எண்ணினால் சதவீதம் என்பது விளங்கும். 70-க்குக் குறைவாக முளைக்கும் மல்லாட்டை விதைக்குச் சான்று கிடையாது என்பதையும் உடன் சொல்லிக் கொடுத்தால், அப்பிள்ளை வீட்டிற்குச் சென்று தகப்பனாரின் விதை மூட்டையையும் சோதிக்கக் கேட்கும். அதனால் வரும் பயன் பள்ளியோடு நில்லாது.

மழையும் அவ்வாறே. நேரான பக்கங்களுள்ள பாத்திரம் ஒன்றை வெட்டவெளியில் வைத்து, அதில் தேங்கும் நீரின் உயரத்தை அளவுகோலால் அளக்கலாம். ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் நீர். 10 மில்லிமீட்டர் பெய்தால் ஏக்கருக்கு 40,000 லிட்டருக்கு மேல். ஒரு வருஷம் இக்கணக்கை நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைக்கும் பள்ளி, அக்கிராமத்திற்கே ஒரு மழைப் பதிவேட்டை அளிக்கின்றது.

கண்ணின் நலமும் இதிலே அடங்கியிருக்கின்றது. சீன தேசத்துக் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு மூன்று வருஷம் ஒரு சோதனை நடத்தி, 2015-இல் முடிவை வெளியிட்டனர். நாள்தோறும் கூடுதலாக 40 நிமிஷம் வெளியில் இருந்தவர்களுள் நூற்றுக்கு 30 பேருக்குக் கிட்டப்பார்வை ஏற்பட்டது. வழக்கம்போல் இருந்தவர்களுள் நூற்றுக்கு 40 பேருக்கு ஏற்பட்டது. கைப்பேசித் திரையை விட்டுக் கண்ணெடுக்காத பிள்ளைகள் மிகுந்துவரும் இக்காலத்தில் இது சிறிய செய்தியன்று.

மூன்றாவது ஆட்சேபம் ஆபத்தைப் பற்றியது. பாம்பும், தரைமட்டக் கிணறும், வெயிலும் உண்மையே. கிணற்றுக்குச் சுற்றுச் சுவரில்லாத இடத்திற்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லக் கூடாது. வேலை காலை பத்து மணிக்குள் முடிதல் வேண்டும். புதர்களை வெட்டி வெளியாக வைத்தல் வேண்டும். பள்ளிப் பாத்தியில் பூச்சிமருந்து அடிக்கவே கூடாது. மருந்து அடித்த பக்கத்து வயலிலும் பிள்ளைகள் இறங்கலாகாது. காலி மருந்து டப்பாக்களை எதற்கும் பயன்படுத்தலாகாது. இவ்விதிகளைக் காக்கப் பொறுப்புள்ள பெரியவர் ஒருவர் எப்பொழுதும் உடனிருக்க வேண்டும்.

ஆபத்தை அறியாதிருத்தலே பேராபத்து என்பதையும் இப்பகுதி கண்டிருக்கின்றது. 2024-ஆம் வருஷம் டிசம்பர் முதல் தேதியன்று, ஃபெஞ்சல் புயலின் கனமழையால் அண்ணாமலையின் சரிவு இடிந்து அடிவாரத்து வீடொன்றின்மேல் விழுந்தது. மாண்டவர் எழுவர்; அவர்களுள் ஐவர் குழந்தைகள். அன்று பெய்த பெருமழையின் முன் எந்தப் பாடமும் அவர்களைக் காத்திருக்கும் என்று ஒருவரும் சொல்ல முடியாது. ஆனால் மலையடியில் வாழும் சமூகம், நீர் எவ்வழியாக இறங்குகின்றது, எந்த ஓடை எந்த ஏரிக்குச் செல்கின்றது, எவ்விடத்தில் வீடு கட்டலாகாது என்பவற்றை மறந்துவிடக் கூடாது. கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரைச் சுற்றிலும் நிலங்கள் மனைகளாக மாறிவருகின்றன. பழைய ஓடைகளின் வழியை நினைவில் வைத்திருக்கும் முதியோர் ஆண்டுதோறும் குறைகின்றனர். அவர்களோடு பிள்ளைகள் ஒருமுறையேனும் அவ்வழியே நடந்து பார்த்தால், அவ்வறிவு இன்னொரு தலைமுறைக்குச் செல்லும்.

ஊரே இக்கல்விக்கு உபாத்தியாயராக வேண்டும் என்பது இதனால் விளங்கும். துவரைக்குச் செம்மண் கட்டி விதைக்கு வைக்கும் பாட்டி, ஏரி மடையின் போக்கறிந்தவர், கூடை முடைபவர், மாட்டின் பல்லைப் பார்த்து வயது சொல்பவர் ஆகிய ஒவ்வொருவரிடமும் ஒரு பாடம் உண்டு. பள்ளி ஆசிரியர் அதனை எழுத்தோடும் கணக்கோடும் இணைத்துக் கொடுப்பார். பட்டமில்லாதவரென்று ஊரார் ஒதுக்கிய ஒருவரைப் பிள்ளைகள் சூழ்ந்து நின்று கேள்வி கேட்கும் காட்சி, அவருக்கும் பிள்ளைகளுக்கும் ஒருங்கே நன்மை செய்யும்.

மருதம் பள்ளியை அப்படியே ஒவ்வொரு கிராமத்திலும் நிறுவிவிடலாம் என்று கூறுவது மிகை. அது நிலமும், மனமொத்த ஆசிரியர்களும், உதவி செய்வோரும் அமையப்பெற்ற தனிப்பள்ளி. ஐந்து வகுப்புகளை இரண்டு ஆசிரியர்கள் நடத்தும் அரசுத் தொடக்கப் பள்ளியின் நிலை வேறு. அங்குள்ள ஆசிரியர் மீது மேலும் ஒரு சுமையை ஏற்றினால், அது பதிவேட்டில் மட்டுமே நிறைவேறும். ஆகவே அச்சுமையை ஊரார் சுமப்பதே முறை.

அதற்கு வழியும் இருக்கின்றது. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோரே; பாதிப்பேர் பெண்கள். அக்குழுவில் இவ்விஷயத்தை எடுத்துத் தீர்மானிக்கலாம். கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் பள்ளியை ஒட்டிய இடத்தில் ஒரு சென்ட் நிலத்தைக் குறித்துக் கொடுத்து, வேலியும் குடிநீர்க் குழாயின் கழிவுநீரும் கிடைக்கச் செய்யலாம். நிலமுள்ளவர்கள் ஒரு வண்டி மக்கிய எருவும், சொந்த விதையும், வாரத்தில் ஒரு காலை நேரமும் அளிக்கலாம். முதலில் கீரை விதைத்தால் 25 நாளில் பறிக்கலாம். பிள்ளைகளுக்கு நம்பிக்கை பிறக்கும். அடுத்து வெண்டை; அதன் பின்னர் ஆடிப் பட்டத்தில் மல்லாட்டை.

மல்லாட்டை பிடுங்கும் நாளில் பெற்றோர் அனைவரையும் பள்ளிக்கு அழைத்தல் நன்று. செடியைப் பிடுங்கி, மண்ணை உதறி, ஒரு செடிக்கு எத்தனை காய் என்று பிள்ளைகள் எண்ணிச் சொல்லட்டும். எவர் வீட்டுப் பிள்ளை என்று பாராமல் அனைவரும் ஒரே பானையில் அவித்து உண்ணட்டும். தன் கையால் ஊன்றியதைத் தானே தோண்டியெடுத்த பிள்ளை, பிற்காலத்தில் வைத்தியராகட்டும், பொறியாளராகட்டும், நிலத்தையும் அதில் உழைப்பவரையும் இழிவாக எண்ணாது. ஊருக்கு வேண்டிய கல்வியில் இது முதற்பகுதி. வரும் ஆடிக்கு முன்னரே நிலத்தைக் குறித்து, வேலியடைத்து, எருவிட்டு வைப்பது ஒவ்வொரு கிராமத்துப் பெரியோரின் கடமையாகும்.