வீட்டுப் பட்டறையும் அரும்பாவூர் உளியும்

பெரம்பலூர் மாவட்டத்தில் பச்சைமலையை அடுத்துள்ள அரும்பாவூர் மரச்சிற்பத்தால் பேர்பெற்ற ஊராகும். வாகை, மா, வேம்பு முதலிய மரங்களில் தெய்வத் திருவுருவங்களைக் கையாற் செதுக்கும் இவ்வூர்த் தொழிலுக்கு 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. இப்பொழுதோ, கணிப்பொறியின் கட்டளைப்படி மரத்தை வெட்டும் சி.என்.சி. ரௌட்டர் என்னும் யந்திரம் எங்கும் பரவி வருகின்றது. இனி உளி வேண்டா என்று மகிழ்வாரும் உளர். கலை அழிந்தது என்று வருந்துவாரும் உளர். இவ்விரு திறத்தாரும் யந்திரத்தை நன்கு அறிந்தாரல்லர் என்பது எமது அபிப்பிராயம். பெரம்பலூர், அரியலூர்ப் பகுதி வாலிபர்கள் அதனைத் தம் வீட்டுப் பட்டறையிலேயே செய்து பார்ப்பாராயின், யந்திரத்திற்குரிய வேலை எது, கைக்குரிய வேலை எது என்பது தானே விளங்கும்.

வீட்டில் இது கைகூடுமோ எனச் சிலர் ஐயுறலாம். எண்களால் இயங்கும் வெட்டு யந்திரத்தை அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 1952இல் காட்டியபொழுது, அதனை நடத்தும் கருவி வெற்றிடக் குழல்கள் நிறைந்த பெரும் பேழையாக இருந்தது. இன்று உள்ளங்கையில் அடங்கும் அர்டுயினோ பலகை ஒன்று அவ்வேலையைச் செய்கின்றது. அதற்கு வேண்டிய ஜி.ஆர்.பி.எல். என்னும் நிரல் 2009இல் தோன்றியது. யாவரும் விலையின்றிப் பெறலாம். கணக்கும் எளிதே. ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படிகள் நகரும்; ஒவ்வொரு படியையும் எட்டாகப் பகுத்தால் 1,600. ஒரு சுற்றில் 8 மில்லிமீட்டர் செல்லும் திருகுத்தண்டைப் பூட்டினால், ஒரு மில்லிமீட்டருக்கு 200 படிகள் கிடைக்கும்.

ஆயினும் ஏட்டுக்கணக்கு வேறு, மரத்தில் விழும் வெட்டு வேறு. திருகுக்கும் நட்டுக்கும் இடையே மயிரிழை இடைவெளி இருப்பினும் வட்டம் கோணுகின்றது. சட்டத்தின் மூலைவிட்டங்கள் இரண்டும் ஒத்திராவிடின் சதுரம் சாய்கின்றது. மூலைமட்டத்தைத் தச்சர் ஏன் கைவிடுவதில்லை என்பது அப்பொழுது புலனாகும். விலைக்கு வாங்கிய யந்திரம் இப்பாடங்களை மூடிவைக்கின்றது; நாமே பூட்டிய யந்திரமோ ஒவ்வொன்றாகக் கற்பிக்கின்றது.

அது கற்பிக்கும் பெரும்பாடம் தன் எல்லையைப் பற்றியதாகும். மூன்று அச்சுகளில் இயங்கும் சிறு யந்திரத்தின் வெட்டுமுனை மேலிருந்தே இறங்குவது. கதவுப் பலகையின் கொடியையும் பீடத்தின் தாமரையிதழையும் அது வெட்டும். மார்பில் தொங்கும் மாலையின் அடியிலே நுழையமாட்டாது. முனை சுழன்று வெட்டுவதாதலின் உள்மூலையைக் கூர்மையாக்கவும் இயலாது. மரத்தின் ரேகை மாறுமிடத்தில் சிற்பி உளியைத் திருப்பிப் பிடிக்கின்றார். யந்திரமோ விதித்த வழியே சென்று நாரைப் பிய்த்துவிடுகின்றது.

யந்திரத்தால் சிற்பியின் கூலி குறையாதோ என்னும் ஆக்ஷேபம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஒரே உருவை நூறு பலகைகளில் வெட்டும் வேலை, நாம் விரும்பினும் விரும்பாவிடினும், யந்திரத்தையே நாடிச் செல்லும். அது தூரத்து நகரத்துக் கடைக்குச் செல்லுமோ, நம்மூரிலேயே தங்குமோ என்பதே கேள்வி. சிற்பியின் வீட்டுப் பிள்ளையே யந்திரத்தை அமைத்தால், மிகுமரத்தை நீக்கும் வேலையை அதனிடம் விட்டு, முகமும் விரலும் ஆடைமடிப்பும் தந்தையின் உளிக்கே உரியனவாக வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. யந்திரம் வெட்டியதை யந்திரம் வெட்டியதென்றே சொல்லி விற்றல் வேண்டும். கைவேலையென நம்பி வருவோரை ஏமாற்றுதல், தலைமுறைகள் தேடிய நற்பெயரைச் சில நாளில் தொலைப்பதாகும். புவிசார் குறியீட்டைப் பொய்யாக இடுதல் 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றமுமாம்.

சிமெண்டு ஆலைகளால் யந்திரப் பழக்கம் மிக்க அரியலூரும், உளிப் பழக்கம் மிக்க அரும்பாவூரும் அண்டை நிலங்களேயாம். இவ்விரு பழக்கங்களும் ஒரே பட்டறையிற் கூடாமைக்குக் காரணம் யாம் காண்கிலோம். மாணவ நண்பர்கள் இருவர் மூவராகச் சேர்ந்து வரும் விடுமுறையிலேயே தொடங்குவாராக. கண்ணாடியணிந்து கண்ணைக் காத்து, முகத்தை மூடி மரத்தூளைத் தவிர்த்து, முதற் பலகையை வெட்டி முடித்தபின், அதனை ஓர் அரும்பாவூர்ச் சிற்பியிடம் கொண்டு சென்று குறை கேட்பாராக. அவர் கூறும் குறைகளே அடுத்த யந்திரத்திற்கு வரைபடமாகும்.