ஊதிப் பார்த்தால் தெரியும் நுரையீரலின் கணக்கு



டிக்கோயாவிலிருந்து ஒரு சகோதரி இரண்டு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மாமிக்கு வயது 58. முப்பது வருடங்களாக விடியற்காலை மூன்றரை மணிக்கு எழும்பி, விறகடுப்பில் இடியப்பம் அவித்து, பஜாரில் உள்ள சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுத்துப் பிள்ளைகளை ஆளாக்கியவர். சிகரெட், பீடி எதையும் தொட்டறியாதவர். இப்போது கடைத் தெருவிலிருந்து வீட்டுக்கு ஏறும் படிகளில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறாராம்.

"எக்ஸ்ரே எடுத்தோம், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். சளியும் சோதித்தாயிற்று, காசநோய் இல்லை. ஆனால் கிளினிக்குக்குப் புதிதாக வந்த லேடி டொக்டர் ஊதுகிற டெஸ்ட் ஒன்று எடுக்க எழுதித் தந்திருக்கிறார். எக்ஸ்ரேயே நன்றாக இருக்கும்போது அது எதற்கு, இந்த வயதில் அவவை ஏன் கண்டி வரைக்கும் அலைக்கழிக்க வேண்டும் என்கிறார்கள் வீட்டில். உங்கள் கருத்து என்ன?" என்று கேட்டிருக்கிறார்.

கூட்டிக்கொண்டு போங்கள் என்பதுதான் என் கருத்து. காரணத்தை மற்றச் சகோதரிகளும் தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் இது ஒரு வீட்டுக் கதை அல்ல.

எக்ஸ்ரே என்பது ஒரு படம். உங்கள் குசினியின் புகைக்கூண்டை வெளியே நின்று படம் பிடித்தால், அது நேராக நிற்கிறதா, உடைந்திருக்கிறதா என்று தெரியும். உள்ளே கரி படிந்து புகை போகும் வழி சுருங்கியிருப்பது அந்தப் படத்தில் தெரியுமா? நுரையீரலும் அப்படித்தான். நிமோனியா, காசநோய், கட்டி போன்றவற்றைக் காட்டுவதில் எக்ஸ்ரே கெட்டிக்காரன். மூச்சுக் குழாய்கள் சுருங்கியிருப்பதை, அதுவும் ஆரம்பத்தில், அது பெரும்பாலும் காட்டாது. காற்று எவ்வளவு போகிறது, எவ்வளவு வேகமாக வருகிறது என்று அளந்தால்தான் தெரியும்.

அளக்கலாம் என்று வழிகாட்டியவர் ஜோன் ஹட்சின்சன் என்ற ஆங்கில வைத்தியர். தண்ணீரில் கவிழ்த்த ஒரு பாத்திரத்துக்குள் ஊதச் செய்து, பாத்திரம் எவ்வளவு உயர்கிறது என்று பார்த்தார். இரண்டாயிரத்துக்கும் அதிகமானோரை அப்படி ஊதவைத்து, 1846இல் தன் கண்டுபிடிப்பை வெளியிட்டார். ஆள் உயரமாக இருந்தால் ஊதும் காற்றும் அதிகம் என்பது அதில் தெரிந்தது. இன்றும் பரிசோதனைக்கு முன் உயரத்தை அளந்து, வயதைக் கேட்டு எழுதுவது அதனால்தான். வயதைக் குறைத்துச் சொல்லிவிடாதீர்கள், கணக்குப் பிசகிவிடும்!

இன்றைய கருவி கைக்கு அடக்கமானது. ஸ்பைரோமீட்டர் என்பார்கள். கதிரையில் நிமிர்ந்து உட்காரவைத்து, மூக்கில் ஒரு கிளிப் மாட்டுவார்கள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, குழாயை உதட்டால் இறுகக் கவ்வி, ஒரே மூச்சில் வெடித்தாற்போல ஊத வேண்டும். அதோடு நிறுத்தக் கூடாது. நெஞ்சு காலியாகும்வரை, ஆறு விநாடியாவது, விடாமல் ஊத வேண்டும். பக்கத்தில் நிற்பவர் "ஊதுங்கள், ஊதுங்கள், இன்னும், இன்னும்" என்று சத்தம் போடுவார். மாமியிடம் இதை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். ஏசுகிறார்கள் என்று நினைத்து அரைவாசியில் விட்டுவிடும் வயதானவர்கள் உண்டு. குறைந்தது மூன்று தடவையாவது நன்றாக ஊதவேண்டும். பிறகு பம்ப் மருந்து கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடியும் ஊதச் சொல்வார்கள்.

வரும் தாளில் எண்கள் நிறைய இருக்கும். இரண்டைப் பார்த்தால் போதும். ஊதிய மொத்தக் காற்று ஒன்று. முதல் ஒரு விநாடியில் வெளியே வந்த காற்று மற்றது. உதாரணத்துக்கு, மொத்தம் 2 லீற்றர், முதல் விநாடியில் 1.1 லீற்றர் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 55 வருகிறது. சாதாரணமாக இது 70க்கு மேல் இருக்க வேண்டும். குறைந்தால் குழாய்களில் அடைப்பு இருக்கிறது என்று அர்த்தம். பம்ப் அடித்த பின் எண் நன்றாக ஏறினால் ஆஸ்துமா, அதாவது நம் ஆட்கள் முட்டு, இழுப்பு என்று சொல்வது, இருக்கலாம் என்று வைத்தியர் யோசிப்பார். பம்புக்குப் பிறகும் 70ஐத் தொடாவிட்டால், நாட்பட்ட சுவாச அடைப்பு நோய் என்ற பக்கம் போவார். இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல. அதனால்தான் அந்த டொக்டர் ஊகத்தில் மருந்து எழுதாமல் அளக்கச் சொல்லியிருக்கிறார். நல்ல டொக்டர் என்றுதான் எனக்குப் படுகிறது.

கடிதத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது. "மாமி எப்போதும் 'மூச்சை உள்ளே இழுக்க முடியவில்லை' என்றுதான் சொல்கிறா." இதைச் சற்று விளக்க வேண்டும்.

எவ்வளவு பலமாக ஊதினாலும் நுரையீரல் முழுவதும் காலியாவதில்லை. சுகதேகிக்கும் ஒரு லீற்றருக்குச் சற்று அதிகமான காற்று உள்ளேயே தங்கிவிடும். நுரையீரல் ஒட்டிப்போகாமல் இருக்க அது தேவை. குழாய்கள் சுருங்கியவர்களுக்கோ, இழுத்த காற்று முழுதாக வெளியேறுவதற்குள் அடுத்த மூச்சு வந்துவிடுகிறது. பழைய காற்று உள்ளே சேர்ந்துகொண்டே போகிறது. படி ஏறும்போது மூச்சு வேகமாவதால் இன்னும் சேர்கிறது. வாசல்வரை சாமான் அடைத்த கடைக்குள் புது மூட்டையை எங்கே இறக்குவது? இழுக்க முடியவில்லை என்று மாமி சொல்வது உண்மை. ஆனால் கோளாறு இழுப்பதில் இல்லை, விடுவதில் இருக்கிறது.

இந்தத் தங்கும் காற்றை ஸ்பைரோமீட்டர் அளக்க முடியாது. வெளியே வராத காற்றை ஊதி எப்படி அளப்பது? அதற்குத்தான் நுரையீரல் கொள்ளளவுப் பரிசோதனை என்று தனியாக ஒன்று. ஒரு வழி, ஹீலியம் கலந்த காற்றைச் சிறிது நேரம் சுவாசிக்க விடுவது. கோப்பையில் எவ்வளவு பிளேன் டீ இருக்கிறது என்று தெரியாது. ஒரு கரண்டி சீனி போட்டுக் கலக்குகிறீர்கள். இனிப்பு எவ்வளவு நீர்த்திருக்கிறது என்பதை வைத்து டீயின் அளவைச் சொல்லிவிடலாம் அல்லவா? ஹீலியமும் அப்படித்தான். ஹம்ஃப்ரி டேவி 1800ஆம் ஆண்டிலேயே ஹைட்ரஜனைச் சுவாசித்து இதே கணக்கைத் தன் நெஞ்சிலேயே போட்டுப் பார்த்தவர். இன்னொரு வழி, டெலிபோன் கூண்டு போன்ற கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்து, காற்றழுத்த மாற்றத்தைக் கொண்டு கணக்கிடுவது. இந்த வசதி பெரிய ஆஸ்பத்திரிகளில்தான் இருக்கும். எல்லாருக்கும் தேவையும் இல்லை. முதலில் ஊதும் சோதனைதான்.

புகைக்காத பெண்ணுக்கு இந்த நோய் எப்படி வரும் என்று கேட்பீர்கள். விறகுப் புகையும் புகைதான். வீட்டு அடுப்புப் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. தமிழ்நாட்டில் திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் புகைப்பழக்கமில்லாத 900 பெண்களைச் சோதித்த ஓர் ஆய்வு 2011இல் வெளியானது. நூற்றுக்கு இரண்டு பேருக்கு மேல் இந்த அடைப்பு நோய் இருந்தது. மலைநாட்டிலோ குளிருக்காகக் கதவு ஜன்னலை மூடிக்கொண்டு அடுப்பு மூட்டுகிறோம். லயக் காம்பராக்களின் நிலையைச் சொல்லவே வேண்டாம்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. தேயிலை ஸ்டோரில் சலிக்கும் அறையில் பஞ்சு போலப் பறக்கும் தூசியைப் பார்த்திருப்பீர்கள். கொழும்பு நெஞ்சுநோய் வைத்தியர் சி. ஜி. உரகொட, அந்தத் தூசியால் ஆஸ்துமா வந்த டீமேக்கர் பற்றி 1970இல் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதினார். 1980இல் தேயிலைத் தொழிலாளரின் சுவாச நோய்கள் பற்றியும் எழுதினார். டீ உலகமெல்லாம் போயிற்று, அந்த ஆய்வு சலிக்கும் அறைக்கு எவ்வளவு தூரம் போனதோ! உங்கள் வீட்டில் யாராவது ஸ்டோரில் வேலை செய்து, வேலை நாளில் இருமி, லீவு நாளில் சுகமாக இருந்தால், அந்த வித்தியாசத்தை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இனி, போவதற்கு முன் செய்ய வேண்டியவை. அண்மையில் மாரடைப்பு, கண் அல்லது வயிற்றுச் சத்திரசிகிச்சை, சளியில் இரத்தம் என்று எதுவும் இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பலமாக ஊதுவது அப்போது ஆகாது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போகக் கூடாது. பம்ப் பாவிப்பவராக இருந்தால் எத்தனை மணி நேரத்துக்கு முன் நிறுத்துவது என்று கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். இறுக்கமில்லாத உடுப்பு போதும், பர்தாவைக் கழற்றத் தேவையில்லை. முகத்திரை அணிபவர்கள் வாயில் குழாய் வைக்க வேண்டியிருப்பதால், பெண் ஊழியர் இருக்கும் நாளைக் கேட்டு வாங்கலாம். நோன்பு மாதத்தில் திகதி விழுந்தால் வேறு திகதி கேளுங்கள், பம்ப் மருந்தும் சோதனையில் ஒரு பகுதி அல்லவா?

கண்டிக்குப் புறப்படும் முன் அருகிலேயே விசாரியுங்கள். டிக்கோயாவிலேயே 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் திறந்துவைத்த 150 கட்டில் ஆஸ்பத்திரி இருக்கிறது. மாவட்டத்து அரசாங்க நெஞ்சுநோய் கிளினிக்கிலும் கேட்கலாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு வாங்க மாட்டார்கள்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு ஒரு வேண்டுகோள். பெறுபேறு வந்த தாளை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வராதீர்கள், பிரதி ஒன்று கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த வருடம் ஊதும்போது ஒப்பிட அதுதான் வேண்டும். அந்த இரண்டு எண்களையும் எனக்கும் எழுதுங்கள். அதுவரை இடியப்ப அடுப்பை, மழை இல்லாத நாட்களிலாவது, பின்வாசல் தாழ்வாரத்துக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள்.