அவிழ்த்துப் போட்ட வண்டி



உங்கள் கையில் இருப்பது பயணச் சிறப்பிதழ். எங்கே போகலாம், எப்படிப் போகலாம், என்னென்ன பார்க்கலாம் என்று உள்ளே நிறையவே எழுதியிருக்கிறார்கள். எங்கேயும் போகாத ஒரு நாளைப் பற்றிச் சொல்ல இந்தப் பக்கத்தை எடுத்துக்கொள்கிறேன்.

போன அக்டோபரில் நானும் என் மனைவியும் டாலஸில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். சனி, ஞாயிறோடு ஒரு நாள் விடுப்பும் சேர்ந்துகொள்ள, மாப்பிள்ளை எங்களை பாலோ டூரோ பள்ளத்தாக்குக்கு அழைத்துப் போனார். டெக்சஸின் வடகோடியில், அமரில்லோ நகருக்குப் பக்கத்தில் இருக்கிறது. கண்ணுக்கெட்டிய தூரம் மட்டமான புல்வெளி. அதில் ஓடிக்கொண்டிருந்த கார் திடீரென்று தரை பிளந்த இடத்தில் நிற்கிறது. 800 அடி ஆழம். ஏறக்குறைய 120 மைல் நீளம். சிவந்த மண்பாறைகளுக்கு நடுவே ஜிப்சம் வெள்ளை வெள்ளையாகக் கோடு போட்டிருக்கிறது. அமெரிக்காவில் கிராண்ட் கேன்யனுக்கு அடுத்த பெரிய பள்ளத்தாக்கு இதுதான் என்று சொல்கிறார்கள். அடிவாரத்தில் மாநிலப் பூங்காவின் முகாம். எங்களுக்கு ஒரு கூடாரம். பக்கத்து இடத்தில் ஒரு டிராவல் டிரெய்லர்.

டிராவல் டிரெய்லர் என்பது சக்கரம் வைத்த வீடு. பிக்கப் லாரியின் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போவார்கள். எங்கள் பக்கத்தில் நின்றது 25 அடி நீளம், மூன்று டன்னுக்குக் குறையாத எடை. உள்ளே கட்டில், அடுப்பு, குளிர்பெட்டி, கழிப்பறை, முழங்கை இடிக்கிற ஒரு குளியலறை. சொந்தக்காரர்கள் எழுபதை ஒட்டிய ஒரு தம்பதி. கணவர் ஒஹாயோ மாநிலத்தில் தபால்காரராக இருந்தவர். அந்த அம்மாள் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். ஊரில் பனி விழத் தொடங்குமுன் அரிசோனாவுக்குப் போய், குளிர்காலம் முடிந்து திரும்புவார்கள். இப்படிப் போய்வருகிறவர்களுக்கு அங்கே ‘ஸ்னோபேர்ட்’ என்று பெயர். நம் வேடந்தாங்கலுக்கு வரும் பறவைகளின் கணக்குத்தான்.

மறுநாள் எங்கள் திட்டம் பலமாக இருந்தது. விடியற்காலையில் ‘லைட்ஹவுஸ்’ என்ற பாறைத்தூணுக்கு நடை. போய்வர ஆறு மைல். மத்தியானம் ஒரு குகை. மாலையில் அமரில்லோவில் 1974 முதல் மூக்கு மண்ணில் புதைய நட்டு வைத்திருக்கும் பத்துக் காடிலாக் கார்கள். நடையில் அரை மைல் தாண்டியதும் என் முழங்கால் முடியாது என்றுவிட்டது. “நீங்கள் போய்வாருங்கள்” என்று அவர்களை அனுப்பிவிட்டுக் கூடாரத்துக்குத் திரும்பினேன். அன்று நான் பார்த்ததெல்லாம் அந்தப் பக்கத்து வீட்டைத்தான்.

பெரியவர் மடக்கு நாற்காலியில் காபியோடு உட்கார்ந்திருந்தார். “இன்று எந்தப் பக்கம்?” என்று கேட்டேன். எழுந்து கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த காலண்டரைக் கொண்டுவந்து காட்டினார். ஓடுகிற நாட்களில் ஊர்ப் பெயர்கள். மற்ற நாட்களின் கட்டத்தில் ‘வீடு’ என்று ஒரே சொல். ஒன்றிரண்டு இல்லை, பாதிக்குப் பாதி அப்படித்தான் இருந்தது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற முதல் வருஷம் அவர்கள் ஒரு நாளைக்கு 500 மைல் ஓட்டினார்களாம். ஒரு ராத்திரி, இருட்டில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கம்பத்தில் இடித்து விளக்கு நொறுங்கிற்று. அவர் ஓட்ட, அம்மாள் இறங்கி நின்று கை காட்ட, யார் தப்பு என்பதில் மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை. அரிசோனா போய்ச் சேர்ந்தபோது இரண்டு பேருக்கும் திரும்பிப் போய்விடலாம் என்றுதான் இருந்ததாம்.

அப்புறம்தான் டிரெய்லர்க்காரர்கள் வாய்வழியாகச் சொல்லிவரும் ‘மூன்று மூன்று மூன்று’ கணக்கு அவர்களுக்குத் தெரியவந்தது. ஒரு நாளில் 300 மைலுக்கு மேல் ஓட்டாதே. மூன்று மணிக்குள் போய்ச் சேர். சேர்ந்த இடத்தில் மூன்று ராத்திரி தங்கு. இதில் சோம்பேறித்தனம் ஒன்றும் இல்லை. மூன்று டன்னைப் பின்னால் கட்டிக்கொண்டால் பிரேக் போட்டாலும் வண்டி சட்டென்று நிற்காது. பெரிய லாரி ஒன்று கடந்து போனால் காற்று டிரெய்லரை ஒரு பக்கம் தள்ளும். இந்தப் பள்ளத்தாக்கில் இறங்கும் சாலையே நூறு அடிக்குப் பத்து அடி சரிவு. பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிவிடும் என்று சின்ன கியரில் ஊர்ந்து வந்திருக்கிறார்கள். அப்படி ஓட்டியவரின் தோள் மறுநாள் எதற்கும் ஒத்துழைக்காது.

ஓய்வு நாள் என்றால் சும்மா இருப்பது இல்லை. காபி முடிந்ததும் பெரியவர் ரசமட்டத்தை எடுத்து வண்டித் தரையில் வைத்தார். குமிழி ஒரு மயிரிழை இடப்பக்கம் விலகியிருந்தது. சக்கரத்துக்கு அடியில் ஒரு பலகையைக் கூடுதலாகக் கொடுத்தார். அவர்களுடைய குளிர்பெட்டி மின்சாரம் இல்லாத இடத்தில் கேஸிலும் ஓடும் வகை. வண்டி சாய்ந்து நின்றால் சரியாகக் குளிராதாம். பிறகு டயர்களில் காற்று பார்த்தார். மறுநாள் ஊருக்குள் போய்க் காசு போடும் இயந்திரத்தில் துணி துவைக்க வேண்டும். அதற்கான 25 சென்ட் நாணயங்களைப் பழைய மாத்திரைக் குப்பியில் எண்ணிப் போட்டார்.

பத்து மணிக்கு முடிவெட்டு. மேசை ஓரத்தில் அவரை உட்காரவைத்து, கழுத்தைச் சுற்றித் துண்டைக் கட்டி, அந்த அம்மாள் மிஷினை எடுத்தார். காதை மடித்துப் பிடித்துக்கொண்டு ஓரம் எடுத்த நிதானத்தைப் பார்க்க வேண்டும். வெட்டி விழுந்த வெள்ளை முடியைத் தாண்டி ஐந்தாறு காட்டு வான்கோழிகள் வரிசையாக நடந்து போயின. அவரும் தலையை அசைக்கவில்லை, அவையும் அவசரப்படவில்லை.

சாப்பாடு, தூக்கம், சீட்டுக்கட்டு. நாலு மணிக்கு அந்தச் சமவெளிக் காற்று எழுந்தது. வாசலில் விரித்திருந்த துணிப்பந்தல் படபடத்தது. பிய்த்துக்கொண்டு போனால் வண்டியின் பக்கவாட்டே போய்விடும். ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள், நானும் பந்தலின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு நிமிஷத்தில் சுருட்டியாயிற்று. அன்றைய பரபரப்பு அவ்வளவுதான்.

அப்போதுதான் கேட்டேன்: “வேலைக்கே ஓய்வு கொடுத்தாயிற்று. தனியாக எதற்கு ஓய்வு நாள்?”

பெரியவர் சொன்னதை என் வார்த்தையில் தருகிறேன். தபால்காரருக்கு வாரம் முழுக்க நடை. ஞாயிறு வந்தால் அதன் அருமை காலுக்குத் தெரியும். வேலையை விட்ட மறுநாள் எல்லா நாளும் ஞாயிறு ஆகிவிடும் என்று நினைத்தாராம். ஆனால் உள்ள ஞாயிறும் காணாமல் போய்விட்டது. இனி இருக்கிற வருஷங்களில் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரம், மேலதிகாரியைவிட மோசமாக விரட்டியது. “அதனால் ஞாயிற்றுக்கிழமையை நாங்களே செய்துகொள்கிறோம்” என்றார்.

இரவு எட்டரைக்கு எங்கள் ஆட்கள் திரும்பினார்கள். பேரன் காரிலேயே தூங்கிவிட்டான். என் மனைவி காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பார்த்தது என்ன என்று கேட்டேன். பாறைத்தூணும் குகையும் காரும் அவள் வாயில் ஒன்றோடொன்று கலந்து வந்தன.

மாட்டு வண்டியில் ஊருக்குப் போன காலத்தில் நம் பெரியவர்கள் சாலையோரச் சத்திரத்தில் வண்டியை அவிழ்த்துப் போடுவார்கள். மாடு இளைப்பாற வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதால் மனிதர்களும் புளியமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்தார்கள். இன்று இஞ்சினுக்கு மூச்சு வாங்குவதில்லை. அதனால் கும்பகோணத்தில் விடியற்காலை வேனில் ஏறி, ஒரே நாளில் ஒன்பது நவக்கிரகக் கோயிலையும் சுற்றிவிட்டு இறங்குகிறோம். அறுபத்தைந்து வயது அப்பாவும் அம்மாவும் அந்த வேனின் கடைசி இருக்கையில் இருக்கிறார்கள். எட்டாவது கோயிலில் “நீங்கள் போய்வாருங்கள், நான் வண்டியிலேயே இருக்கிறேன்” என்று சொல்வது பெரும்பாலும் அவர்கள்தான்.

பெற்றோருக்குப் பயணம் ஏற்பாடு செய்யும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். பட்டியலில் ஒரு நாளைக் காலியாக விடுங்கள். பெற்றோர் அன்று தங்கும் அறையின் திண்ணையில் உட்காரட்டும், துணி துவைக்கட்டும், தெருமுனைக் கடையில் டீ குடிக்கட்டும். ஒரு கோயில் விட்டுப்போனால் அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்.

அப்படி எங்கேயும் போகாமல் கழித்த ஒரு பயண நாள் உங்களுக்கும் இருந்தால், அரைப் பக்கத்துக்குள் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் அவற்றுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்