ஆயா ராமும் கயா ராமும்

கட்சி விட்டுக் கட்சி தாவுகிறவர்களை வடநாட்டார் “ஆயா ராம், கயா ராம்” என்று அழைக்கிறார்கள். ஆயா என்றால் பாட்டி என்று நம் தோழர்கள் எண்ணிவிட வேண்டாம். இந்தியில் ஆயா என்றால் வந்தான், கயா என்றால் போனான். 1967-ல் ஹரியானா சட்டசபைக்கு ஹசன்பூரிலிருந்து சுயேச்சையாக வந்த கயா லால் என்பவர் பதினைந்து நாளைக்குள் மூன்று முறை கட்சி மாறினார். அவர் கடைசியாகத் திரும்பி வந்தபோது, பத்திரிகைக்காரர்கள் முன் அவரை நிறுத்தி, கயா ராம் இப்போது ஆயா ராம் ஆகிவிட்டார் என்று சொன்னவர் ராவ் பீரேந்தர் சிங். கயா லால் ராமனானது இப்படித்தான். ராமன் பெயர் சேராவிட்டால் இந்த நாட்டில் கேலிகூட நடமாட முடியாது போலும்!

சரி, போனவனுக்குப் பட்டம் கிடைத்தது. அவனை விலைக்கு வாங்கியவனுக்கு என்ன பட்டம் என்று கேட்கிறோம். பெயர் சூட்டிய ராவ் பீரேந்தர் சிங்கே அதே 1967-ல் காங்கிரசை விட்டு வந்து முதல் மந்திரியானவர். இந்தத் தாவல்களை ஆராய்ந்த சவான் கமிட்டி, தாவிய 210 சட்டசபை மெம்பர்களில் 116 பேர் மந்திரிகளானார்கள் என்று கணக்குக் கொடுத்தது. பழம் காட்டாமலா குரங்கு தாவிற்று? 1980-ல் அதே ஹரியானாவில் முதல் மந்திரி பஜன்லால் தம் ஜனதா மெம்பர்களில் பெரும்பகுதியைக் கூட்டிக்கொண்டு காங்கிரசுக்குப் போனார். நாற்காலியும் அவர் கூடவே போயிற்று.

1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின் யோக்கியதையையும் பார்ப்போம். ஒருவன் தனியாகப் போனால் பதவி போகும். மூன்றில் ஒரு பங்குப் பேர் சேர்ந்து போனால் அது “பிளவு”, குற்றமில்லை. 2003-ல் அந்தச் சந்தை அடைத்தார்கள். ஆனால் மூன்றில் இரண்டு பங்குப் பேர் இருந்தால் “இணைப்பு” என்ற வாசல் இன்றும் திறந்தே கிடக்கிறது. சில்லறையாய் விற்றால் திருட்டு, மொத்தமாய் விற்றால் வியாபாரம்!

இதிலும் பெரிய அக்கிரமம் ஒன்று உண்டு. கட்சிக் கொறடாவின் கட்டளைக்கு மாறாக ஓட்டுப் போட்டாலும் பதவி பறிபோகலாம். ஒரு மசோதா தன் தொகுதி ஏழைகளின் வாயில் மண்ணைப் போடுகிறது என்று கண்டு, கட்சியில் இருந்துகொண்டே எதிர்த்து ஓட்டளிக்கிறவனும், மந்திரி பதவிக்கு விலைபோகிறவனும் ஒரே தராசிலா நிறுக்கப்படுவது? அறிவுள்ளவன் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ளத்தான் செய்வான். கட்சியையே விட வேண்டுமானால் ராஜினாமாவைக் கொடுத்துவிட்டு, ஓட்டுப் போட்டவர்களிடம் திரும்பிப் போய்க் காரணம் சொல்லட்டும். கயா லால் அங்குமிங்கும் இழுக்கப்பட்ட அந்தப் பதினைந்து நாளில், ஹசன்பூர்க்காரர்களை ஒரு வார்த்தை கேட்டவர்கள் யார்?