ஏழாவது பிள்ளைக்கு யார் மெழுகுவர்த்தி ஏற்றுவது?

தாய்தான் குழந்தையின் முதல் மறைக்கல்வி ஆசிரியை என்று பீடத்திலிருந்து சொல்வதில் நம் சாமியார்களுக்கு அலுப்பே வருவதில்லை. நான் மறுக்கவில்லை. சிலுவை போடப் பழக்குவது, திருநாளுக்குச் சட்டை எடுப்பது, பூசையில் தூங்கிவிழும் பிள்ளையை மடியில் போட்டுக்கொள்வது எல்லாம் நாம்தான். நவம்பர் 2 கல்லறைத் திருநாள் வந்தால் புல்லைப் பிடுங்கி, சுண்ணாம்பு அடிக்க ஆள் பிடித்து, செவ்வந்தி வாங்கி, காற்றில் மெழுகுவர்த்தி அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு நிற்பதும் நாம்தான். மந்திரிக்க வருகிறவர் தீர்த்தம் தெளித்துவிட்டு அடுத்த கல்லறைக்குப் போய்விடுவார். ஆசிரியை என்று பட்டம் கொடுத்தவர்கள் பாடத்திட்டத்தை மட்டும் ஏன் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டார்கள் என்பதுதான் என் கேள்வி.

ஜூலை 6 புனித மரிய கொரற்றி திருநாள். இத்தாலியின் நெத்துனோ பகுதியில் 1902இல், வல்லுறவுக்கு முயன்றவனை எதிர்த்ததற்காகக் குத்திக் கொல்லப்பட்ட 11 வயதுச் சிறுமி அவள். 1950இல் பன்னிரண்டாம் பயஸ் அவளைப் புனிதராக அறிவித்தபோது பெற்ற தாய் அசுந்தா அங்கே இருந்தார். ‘கற்பைக் காக்க உயிரைக் கொடுத்தாள்’ என்றுதான் மறைக்கல்வி வகுப்பில் இந்தக் கதையைச் சொல்கிறோம். கேட்டுக்கொண்டிருக்கும் எட்டு வயதுப் பெண் இதிலிருந்து எதை எடுத்துக்கொள்வாள்? எதிர்க்க முடியாமல் போய் உயிரோடு இருக்கிறவள் ஏதோ ஒன்றில் குறைந்தவள் என்றுதானே? அதே வகுப்பில், அதே பாயில், அப்படி ஒருத்தி உட்கார்ந்திருக்கலாம். கொன்றவன் அந்நியன் அல்ல, அந்தக் குடும்பத்தோடு ஒரே வீட்டில் குடியிருந்தவன். நம் பிள்ளைகளுக்கு வேண்டிய பாடம் அங்கேதான் இருக்கிறது. தெரிந்த முகமும் ஆபத்தாகலாம், யாராவது மிரட்டினாலும் அம்மாவிடம் சொல்லலாம், என்ன நடந்தாலும் தவறு உன்னுடையதல்ல. இதை விட்டுவிட்டு, சாகும்போது அவனை மன்னித்தாள் என்பதை அழுத்தி அழுத்திச் சொல்கிறோம். சாகக் கிடந்த ஒரு குழந்தை தானாகக் கொடுத்த மன்னிப்பைப் பெண்பிள்ளைகள் எல்லாருக்கும் விதியாக்க யாருக்கு உரிமை உண்டு?

இறந்தவர்களின் கணக்கு இன்னும் மோசம். என் ஆச்சி, பெற்றது ஏழு என்பார். உயிரோடு நாலு பேர், கல்லறைத் தோட்டத்தில் இரண்டு கல். ஏழாவது, ஞானஸ்நானத் தண்ணீர் தலையில் விழுமுன் போய்விட்டது. சுற்றுச்சுவருக்கு வெளியே, ஆண்கள் மட்டும் போய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள். இடத்தை ஆச்சிக்குக் காட்டவும் இல்லை. இது ஒரு பங்கின் கொடுமை அல்ல, அன்றைய சட்டமே அப்படி. ஞானஸ்நானம் பெறாமல் இறந்தவர்களுக்குத் திருச்சபை அடக்கம் கிடையாது என்று 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு சொன்னது. பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க எண்ணியிருந்தால் அந்தக் குழந்தைக்கு அடக்கச் சடங்கு செய்ய ஆயர் அனுமதிக்கலாம் என்று 1983ஆம் ஆண்டுத் தொகுப்பு மாற்றிக்கொண்டது. அத்தகைய குழந்தைகளும் மீட்படைவார்கள் என்று நம்ப இடமுண்டு என வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் குழு 2007இல் ஓர் ஆவணமே வெளியிட்டது. நல்லது. ஆனால் இந்தச் செய்தியை ஆச்சி மாதிரிப் பெண்களின் வீடு தேடிப் போய்ச் சொன்னவர் யார்? தண்டனையை ஊரறியச் சொன்னவர்கள் திருத்தத்தை ஆவணத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.

இதில் வேடிக்கை, திருச்சபையின் நாட்காட்டியிலேயே பதில் இருந்தது. டிசம்பர் 28 மாசில்லாக் குழந்தைகள் திருநாள். ஏரோது வெட்டிக் கொன்ற பெத்லகேம் பச்சைக் குழந்தைகளில் ஒருவரும் ஞானஸ்நானம் பெற்றவர் இல்லை. அவர்களை மறைசாட்சிகள் என்று பல நூற்றாண்டுகளாகக் கொண்டாடுகிறோம். இரத்தமே அவர்களுக்கு ஞானஸ்நானம் ஆனது என்பார்கள் இறையியலார். இருக்கட்டும். அரசன் வாள் கொன்ற பிள்ளைக்குத் திறந்த வாசல், பிரசவ அறையில் மூச்சு முட்டிச் செத்த பிள்ளைக்கும் கள்ளிப்பால் கொடுத்துக் கொல்லப்பட்ட பெண் சிசுவுக்கும் ஏன் இத்தனை காலம் அடைத்துக் கிடந்தது?

சுவர் என்றதும் இன்னொன்று. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறித்தவர்களைப் பிரித்து எழுப்பிய சுவர் ஊரறிந்தது. கையில் பூவோடு வரும் பிள்ளை அது எதற்கு என்று கேட்டால், சும்மா வா என்று இழுத்துக்கொண்டு போகிற தாயும் ஒரு பாடம்தான் நடத்துகிறாள்.

இதெல்லாம் வேண்டாம், பிள்ளைகளைக் கல்லறைப் பக்கமே கூட்டிப் போகாதீர்கள் என்கிறார்கள் பெண்ணியத் தோழிகள் சிலர். எனக்கு உடன்பாடில்லை. சிறுபிள்ளைகளுக்குச் சாவு பயமல்ல, பெரியவர்கள் பேச்சை மாற்றுவதுதான் பயம். உருகும் மெழுகை உருட்டி விளையாடிக்கொண்டே, பெரியம்மா எப்படிச் செத்தாள் என்று கேட்பார்கள். ஆண்டவர் எடுத்துக்கொண்டார் என்று மூடாமல், வயதுக்கேற்ற சொல்லில் உள்ளதைச் சொல்லலாம். நம் பாட்டிகளுக்கு இது தெரிந்திருந்தது. வீரனுக்கு நட்ட கல் சாதாரணப் பெண்ணுக்கு இல்லை. அவளுக்கு இருந்தது ஒப்பாரிதான். சீர் குறைத்த அண்ணனையும் அடித்த கணவனையும் சவத்தின் முன்னாலேயே பேர்சொல்லி வழக்காடிய பாட்டு அது. அந்த வழக்காட்டத்தை நம் அடக்கப் பூசைகளில் நான் கேட்டதே இல்லை.

நவம்பர் மாதம் இறந்தோர் பெயர்களை எழுதிக் கொடுக்கச் சொல்லி எத்தனையோ பங்குகளில் தாள் தருகிறார்கள். பெரும்பாலும் அதில் அப்பா வீட்டு ஆண்களின் பெயர்கள் முதலில் வரும், இடமிருந்தால் அவர்களின் மனைவியர். இந்த ஆண்டு பேனாவைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். அம்மா வழிப் பாட்டி, அவளுடைய தங்கை, கிணற்றில் கிடந்த அத்தை என்று நீங்கள் சொல்லச் சொல்ல அவர்கள் எழுதட்டும். கடைசி வரியில் ‘ஆச்சியின் ஏழாவது பிள்ளை’ என்று எழுதச் சொல்லுங்கள். பெயர் இல்லையே, எப்படி வாசிப்பது என்று கேட்டால், பெற்றவளின் பெயர் இருக்கிறது, அதைச் சேர்த்து வாசியுங்கள் சாமி என்று சொல்லுங்கள்.