சோறு காத்திருக்கும், பாஸ்தா காத்திராது

லிங்கநகரில் எங்கள் வீட்டு இரவுச் சாப்பாடு நெடுங்காலமாக ஆளுக்கொரு நேரத்தில்தான் நடந்தது. செய்தி எழுதி முடித்து நான் வரும்போது சோறு ஆறியிருக்கும். பிள்ளைகள் எப்போது உண்டார்கள் என்பதே எனக்குத் தெரியாது.

அண்மையில் இத்தாலியின் பலெர்மோ நகரிலிருந்து என் மச்சாள் வந்திருந்தார். சிசிலித் தீவின் அத்துறைமுக நகரில் ஈழத்தமிழர் பல தசாப்தங்களாக வாழ்கின்றனர். இத்தாலியச் சமையல் என்றதும் சீஸின் விலையை எண்ணி அஞ்சினேன். அவரோ சூடை மீன் வாங்கிவரச் சொன்னார்.

மத்தி மீன், காட்டுப் பெருஞ்சீரகத் தழை, உலர்திராட்சை, பைன் விதை சேர்த்த பாஸ்தா சிசிலியின் பழைய உணவு. மத்திக்குச் சூடையும், தழைக்குப் பெருஞ்சீரகமும், விதைக்குக் கஜுவும் ஈடாயின. மேலே தூவியது சீஸ் அன்று. எண்ணெயில் வறுத்த பாண்தூள். சீஸ் வாங்க வழியற்ற ஏழைகள் கண்ட உபாயம் அது. 2022 நெருக்கடியில் கோதுமை மாவின் விலை கண்டு கலங்கிய நமக்கு அந்த ஏழ்மை புரியாததா?

ஆனால் நாம் கற்கவேண்டியது பக்குவத்தை அன்று. "அத்தான், எல்லாரும் வந்து இருந்தால்தான் பாஸ்தாவைக் கொதிநீரில் போடுவேன்" என்றார் மச்சாள். வெந்தபின் தாமதித்தால் அது குழைந்து ஒட்டிவிடும். நம் சோறு பொறுமைசாலி. மூடிவைத்தால் நள்ளிரவுவரை காத்திருக்கும். அந்தப் பொறுமையே நம்மைப் பிரித்துவிட்டதோ?

ஊரடங்கு இரவுகளில் அச்சம் நம்மை ஒன்றாக உண்ணவைத்தது. சமாதானத்தில் அதைச் செய்ய ஒரு பாஸ்தா தேவைப்படுவது வெட்கம்தான். ஆயினும் வெள்ளி இரவுகளில் இப்போது நேரத்தோடு வீடு திரும்புகிறேன். மூத்தவன் வெளிநாடு போகும் நாள் நெருங்குகிறது.